பட்டி எங்கே வளைகிறதோ அங்கேதான் நோகும்

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "அக்கா, அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைச்சு ஒண்டரை மாதம். காயம் ஆறீட்டுது. ஆனா பிரா போட்டால் பட்டி சரியா அந்த மேட்டிலதான் ஏறி நிக்குது. போடாமல் கோயிலுக்கும் வெளிக்கிடமாட்டன் எண்டு நிக்கிறா. டொக்டரிட்டக் கேக்க வெக்கம். கம்பி வைச்ச பிரா போட்டால் பேஸ்மேக்கர் நிண்டுபோகும் எண்டு பக்கத்து வீட்டு மாமி வேற பயமுறுத்திப்போட்டா. என்ன செய்யிறது?"

முதலில் மாமியின் கதையை முடித்துவிடுவோம். பிராவின் அடியில் வரும் கம்பி வெறும் உருக்குக் கம்பி, அல்லது பிளாஸ்ரிக். அது காந்தமில்லை, அதில் மின்சாரமும் ஓடுவதில்லை. மார்புக்குக் கீழே இருக்கிற அது காறை எலும்புக்குக் கீழே இருக்கிற கருவிக்கு ஒன்றும் செய்யாது. பிரச்சினை மேலே போகிற பட்டியில்தான், அதுவும் மின்சாரப் பிரச்சினை இல்லை, சும்மா கயிற்றுப் பிரச்சினை.

இதயம் துடிக்க மின்துடிப்பு வேண்டும், அதைக் கொடுக்கிற கணு (இதயத்திலேயே உள்ள ஒரு சின்னத் திசுக்கட்டு) சோர்ந்துபோனாலோ துடிப்பு போகிற பாதை தடைப்பட்டாலோ பேஸ்மேக்கர் அந்த வேலையைச் செய்யும் என்பதெல்லாம் தெரிந்த கதை. தைற்றேனியம் கூட்டுக்குள் ஓர் இலிதியம் பற்றரியும் கொஞ்ச இலத்திரனியலும், மொத்தம் 20, 30 கிராம் அளவு. பெரும்பாலும் இடப்பக்கம் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கும் மார்புத் தசைக்கும் நடுவில் ஒரு சின்னப் பை செய்து உள்ளே வைப்பார்கள், வெளியே மேடாகத் தெரிவது அதுதான். அங்கிருந்து வயர் நாளத்துக்குள்ளால் இறங்கி இதயத்தின் உட்சுவரைத் தொடும்.

1958இல் ஸ்ரொக்ஹோமில் ஒரு மனிதருக்கு உலகிலேயே முதல் தடவையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தபோது, அதை வார்க்க அச்சாக எடுத்தது சப்பாத்துப் பொலிஷ் ரின். வைத்த இடம் வயிறு. அந்தக் காலத்தில் ஒரு பெண்மணிக்கு வைத்திருந்தால் அவரைப் படுத்தியிருக்கக்கூடியது பாவாடை நாடாதான். கருவி சின்னதாகி நெஞ்சுக்கு ஏறியதால் வந்த வினை இந்தப் பட்டிச் சண்டை.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் கனடாவிலிருக்கும் மாமாவுக்கு மிளகாய்த்தூளும் ஒடியலும் போட்டு மட்டைப்பெட்டி கட்டும் நாட்களில், நைலோன் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு. அப்பா முடிச்சுப் போட்டு முடிந்ததும் பெட்டியின் நடுப்பக்கத்தில் கயிற்றுக்கு அடியில் விரலை விட்டால் இலேசாகப் போய்வரும். ஆனால் அதே கயிறு, அதே இறுக்கம், பெட்டியின் விளிம்பில் மட்டையை வெட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கும். ஏன்? நேராகப் போகிற கயிறு கீழே இருப்பதை அமுக்காது. அது எங்கே வளைகிறதோ அங்கேதான் அமுக்கும், எவ்வளவு குறுகலாக வளைகிறதோ அவ்வளவு கூடுதலாக அமுக்கும். பௌதிகவியல் மொழியில் சொன்னால் அமுக்கம் என்பது இழுவையை, பட்டியின் அகலத்தாலும் வளைவின் ஆரையாலும் பிரிக்க வருவது.

இதை அம்மாவின் தோளில் போட்டுப் பாருங்கள். பட்டியில் ஏறத்தாழ 200 கிராம் எடைக்குச் சமமான இழுவை, அதாவது 2 நியூற்றன் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ரிமீற்றர் அகலப் பட்டி சாதாரண நெஞ்சின் மேல், 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வளைவில் போனால் அமுக்கம் 2000 பஸ்கால், மருத்துவ அளவில் 15 மில்லிமீற்றர் இரசம். இப்போது அதே பட்டி கருவியின் விளிம்பில் ஏறி 2 சென்ரிமீற்றர் ஆரையில் மடங்கட்டும்: 75 மில்லிமீற்றர். தோலின் மயிர்க்குழாய்களில் இரத்தம் ஓடுவதோ கிட்டத்தட்ட 30 மில்லிமீற்றர் அமுக்கத்தில். ஆக, பட்டி மேட்டில் நிற்கும் நேரமெல்லாம் அந்தத் துண்டுத் தோலுக்கு இரத்தம் சரியாகப் போகாது. சுமாரான கணக்குத்தான், கொழுப்பும் தசையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் மெலிந்த உடம்பு என்றால் அதுவும் குறைவு. மேட்டுத் தோல் நாள் முழுக்க இப்படி நசிந்துகொண்டே இருந்தால் மெலிந்து பளபளக்கத் தொடங்கும், கடைசியில் கருவி வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போகலாம். அப்படிப் போய்க் கிருமி தொற்றினால் கருவி, வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். "கொஞ்சம் நோகுது, பரவாயில்லை" என்று விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கில் பட்டியை மட்டும் 2.5 சென்ரிமீற்றர் அகலமாக்குங்கள், 75 முப்பதாக இறங்கிவிடும். ஒரு காசும் இல்லாத வைத்தியம்! பட்டி கழுத்துப் பக்கம் ஒதுங்கிப் போகிற மாதிரி முதுகில் சேர்கிற பிரா இன்னும் நல்லது, மேட்டின் மேலால் போகவே மாட்டாது. இலாஸ்ரிக்கை ஒரு பிடி தளர்த்தினால் இழுவையும் குறையும்.

மேட்டின் உச்சியில் சின்னதாக மடித்த லேஞ்சியை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மேட்டுக்கு மேல் மேடு. எங்கள் ஆச்சிமார் தலையில் கடகம் வைக்க என்ன செய்தார்கள்? சும்மாடு. நடுவில் பள்ளம், சுற்றிவர மெத்தை, பாரம் மெத்தையில் இறங்கும், உச்சந்தலை தப்பும். என் சின்னம்மாவுக்குக் கருவி வைத்து மூன்றாம் மாதம் பழைய வேட்டித் துணியும் மெல்லிய ஸ்பொஞ்சும் வைத்து, கருவியைவிட அகலமாக, நடுவில் குழிவிட்டு ஒரு சின்னச் சும்மாடு தைத்துப் பட்டியின் உட்புறத்தில் பொருத்திக் கொடுத்தேன். காயம் முழுதாக ஆறிய பிறகுதான் இதெல்லாம்.

அப்படியென்றால் பிராவே வேண்டாம் என்று விட்டுவிடலாமே? இங்கேதான் பலருக்குத் தெரியாத சங்கதி. சத்திரசிகிச்சை நடக்கும்போது ஆள் மல்லாக்கப் படுத்திருப்பார். அப்போது மார்பு பக்கவாட்டில் பரவிக் கிடக்கும். எழுந்து நின்றதும் அது கீழே இறங்கி, காறை எலும்பருகே உள்ள தோலையும் தன்னோடு இழுக்கும், தோலோடு சேர்ந்து உள்ளே இருக்கும் கருவியும் கொஞ்சம் கீழே போகும். கருவி போனால் வயரும் இழுபடும். இதை முன்கூட்டியே நினைத்துத்தான் வைத்தியர்கள் வயரை இறுக்கிவிடாமல் உள்ளே கொஞ்சம் தளர்வு விட்டு வைக்கிறார்கள், தண்ணீர் மோட்டருக்கு வயர் இழுக்கும்போது மேலதிகமாக ஒரு சுற்று விடுவோமே, அந்த மாதிரி. பெரிய மார்புள்ளவர்களுக்கு இந்த இழுவை நாள் முழுக்க நடக்கும். ஆகவே மென்மையான, கீழிருந்து தாங்குகிற பிரா காயத்துக்கு உதவிதான்.

முதல் நான்கு தொடக்கம் ஆறு கிழமை வேறு கதை. வயர்முனை இதயச் சுவரோடு இன்னும் ஒட்டிப் பிடித்திராது, அதைச் சுற்றி நார்த்திசு வளரவேண்டும். அந்த நாட்களில் அந்தப் பக்கத்து முழங்கை தோளுக்கு மேலே போகக்கூடாது: கொடியில் துணி போடுவது, கிணற்றில் அள்ளுவது எல்லாம் மற்றவர்கள் பார்க்கட்டும். தலையால் இழுத்துப் போடும் பிரா இப்போது வேண்டாம், கையைப் பின்னுக்கு முறுக்கிக் கொழுக்கி மாட்டுவதும் வேண்டாம். முன்னால் கொழுக்கி உள்ள பருத்திப் பிரா, ஓரளவு பெரிய சைஸ். போடும்போது கருவி வைத்த பக்கத்துக் கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஆனால் பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும், அதனால் தோளுக்குக் கீழே வழமைபோல அசையுங்கள்.

காந்தத்துக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான மின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது, பிராவுக்குள்ளேயும்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மிச்சக் காசு கேட்டால் மரக்கறி விற்கிற அம்மா சட்டைக்குள் கையை விட்டுச் சின்னப் பேர்சை எடுப்பார், அதோடு போனும் வரும். போனிலும் ஸ்பீக்கரிலும் காந்தம் உண்டு, சில புதுப் போன்களின் முதுகில் இன்னும் பலமானது உண்டு. பேஸ்மேக்கருக்கு மேலே காந்தம் வந்தால் அது "வைத்தியர் பரிசோதிக்கிறார்" என்று நினைத்துக்கொண்டு இதயம் என்ன செய்கிறதென்று பார்க்காமல் ஒரே வேகத்தில் துடிப்பைக் கொடுக்கத் தொடங்கும். எடுத்துவிட்டால் பழையபடி வந்துவிடும், ஆனாலும் போனைக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளியே வையுங்கள். முன்னால் காந்தக் கொழுக்கி உள்ள பிராக்களும் விற்கிறார்கள், அவை வேண்டாம். இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுக்கிற ஐசிடி கருவி என்றால் இரட்டிப்புக் கவனம், காந்தம் அதன் காவலையே நிறுத்திவைக்கும்.

இதில் பெரிய கூத்து, கம்பிக்குப் பயப்படுகிற அதே ஆட்கள் "இரத்தோட்டம் கூடும்" என்று யாரோ விற்ற காந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பதுதான். இரத்தோட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது, பேஸ்மேக்கருக்குத்தான் செய்யும். பாரமான தாலிக்கொடி மேட்டில் உரசினாலும் கொஞ்சநாள் கழற்றிவைக்கலாம், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் வராது.

காரில் முன் சீட்டில் இடப்பக்கம் இருந்து போகிறவருக்கு சீட் பெல்ட் சரியாக இடத்தோளால்தான் வரும். அதற்காகப் பெல்ட் போடாமல் விடாதீர்கள், நடுவில் ஒரு துவாய் மடித்து வையுங்கள், அல்லது வலப்பக்கமாகப் பின்சீட்டில் இருங்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உலகத்துக்கே பிரா தைத்து அனுப்புகிற நாடு எங்கள் இலங்கை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடைப் பொறியியலுக்கு என்றே ஒரு துறை, கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை, பக்கத்திலேயே அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம். இவர்கள் நாலு பேர் ஒரு மேசையில் இருந்தால் பேஸ்மேக்கர் வைத்த பெண்ணுக்கு ஒழுங்கான ஒரு பிரா ஒரு வருட மாணவர் ஆய்வில் வந்துவிடும், செலவும் பெரிதாக வராது. பெண்களின் உள்ளாடை என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது, அதனால் நான் வேட்டித் துணியில் சும்மாடு தைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள்: மேட்டுத் தோல் சிவந்தால், சுட்டால், பளபளத்து மெலிந்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், தலைசுற்றி விழப்பார்த்தால், நிற்காமல் விக்கல் எடுத்தால், கிளினிக் திகதி எப்போது என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், அன்றைக்கே போகட்டும். டொக்டரிடம் சொல்ல வெட்கமென்றால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முதலில் சொல்லட்டும், அந்தப் பிராவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டட்டும்.