வருமுன் பேணலும் பழுது திருத்தலும்

நான் வேலை செய்யும் விடுதியின் மோட்டர் அறைக் கதவில் ஒரு கொப்பி தொங்குகிறது. அதில் இரண்டே தலைப்பு: சேர்விஸ், றிப்பேர். யாழ்ப்பாணத்தில் கராஜ் முதல் ஆஸ்பத்திரி வரை இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் வேலை நடக்கிறது. ஆனால் அதையே அறிக்கையாக எழுத உட்கார்ந்தால், பிரிவென்ரிவ் மெயின்ரனன்ஸ் 'தடுப்புப் பராமரிப்பு' ஆகிவிடுகிறது. கரெக்ரிவ் மெயின்ரனன்ஸ் 'சீர்திருத்தப் பராமரிப்பு' ஆகிவிடுகிறது. இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. நல்ல சொற்கள் நம் வாயிலேயே இருக்கும்போது இவை எதற்கு?

முதலில் பொருள். பராமரிப்புக் கலைச்சொற்களுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 13306 இந்த இரண்டையும் பழுது என்ற கோட்டை வைத்துப் பிரிக்கிறது. பழுது தெரிந்த பிறகு, இயந்திரம் திரும்பவும் தன் வேலையைச் செய்வதற்காகச் செய்வது கரெக்ரிவ். பழுது வரும் வாய்ப்பைக் குறைக்க முன்கூட்டியே செய்வது பிரிவென்ரிவ். முன்கூட்டி என்றால் நாள் குறித்துச் செய்வது மட்டுமில்லை. பல டீசல் ஜெனரேற்றர்களுக்கு 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்வார்கள், அது ஒரு வகை. சூடு, சத்தம், அதிர்வு பார்த்து, தேய்மானம் தெரிந்ததும் கை வைப்பது இன்னொரு வகை.

எங்கள் கிணற்று மோட்டரில் இதை நான் பட்டுத்தான் படித்தேன். தண்ணீர்ப் பக்கத்துச் சீல் தேய்ந்து துளித்துளியாக ஒழுகியது. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒழுகிய தண்ணீர் தண்டு வழியே, அதைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங்குக்குப் போய்க் கிறீஸைக் கழுவிவிட்டது. இரண்டு கிழமை கரகரவென்று சத்தம் போட்டது. ஒருநாள் காலை, விடுதி நிறைய ஆட்கள் இருக்கும்போது, தண்டு இறுகி, மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான கொயில் எரிந்து, அறை முழுக்க வார்னிஷ் கருகிய மணம். வந்த மெக்கானிக் அண்ணை கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒழுகேக்கை கூப்பிட்டிருந்தா சீலோட முடிஞ்சிருக்கும். இப்ப கொயிலும் போட்டுது." சீல் ஒரு சின்ன றப்பர்ச் சாமான். கொயில் கட்ட மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளும் பவுசரில் தண்ணீர் வாங்கினோம்.

அதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்றும் இல்லை. நடைபாதை பல்பு எரியாமல் போன பிறகு மாற்றினால் போதும். ஒழுங்காக ஓடும் பம்பைத் தேவையில்லாமல் கழற்றினால், சீலைப் பிழையாகப் பூட்டி நாமே பழுதைக் கொண்டுவந்துவிடவும் கூடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். மெயின்ரனன்ஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் அடி 'கையில் பிடித்திருத்தல்'. நமது பராமரிப்பு வடமொழி 'பராமர்ச'வின் வழி வந்தது. அதற்குத் தொடுதல், ஆராய்தல் என்ற பொருள்கள். இரண்டிலும் கை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் 'பேணல்' சின்னது, பழையது, இலங்கைப் பாடநூல்களிலும் புழங்குவது. 1990களில் இங்கே மின்சாரம் இல்லை, உதிரிப்பாகமும் வராது. மண்ணெண்ணெயில் ஓடிய இறைப்பு மிசினை இறைத்து முடிந்ததும் துடைத்து, சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். அந்தச் செயலுக்குப் பேணல் என்பதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பிரிவென்ரிவின் லத்தீன் அடி 'முன்னே வருதல்'. பழுதுக்கு முன்னே நாம் போய் நிற்பது. குறளில் 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்று கிட்டத்தட்ட அதே சொல் இருக்கிறது. அது வருவதும் 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில். காவாதவன் வாழ்க்கை நெருப்பின் முன் வைக்கோற்போர் போலக் கெடும் என்று முடியும் அந்தக் குறளை, எரிந்த கொயிலைக் கையில் வைத்திருந்தபோது நினைத்தேன். 'தடுப்பு' தடுப்பூசிக்குப் பொருந்தும். ஆனால் 'தடுப்புப் பராமரிப்பு' என்றால் வேலியைப் பராமரிப்பது போலக் கேட்கிறது. அதோடு, பிள்ளை தடுப்பில், அதாவது தடுப்புக் காவலில், இருந்தான் என்று சொன்ன தாய்மார் வாழும் ஊர் இது. அந்தச் சொல்லை மோட்டர் அறைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

கரெக்ரிவின் அடி 'நேராக்குதல்'. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் திருத்துவோம், வானொலியைத் திருத்துவோம். கடைக்காரர் றிம்மைச் சுழலவிட்டு, கம்பி கம்பியாக முறுக்கி நெளிவு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு நேராக்குதலும் திருத்துதலும் ஒன்றென்று விளங்கும். வெறும் 'திருத்தம்' என்று எழுதினால் சட்டத் திருத்தமோ என்று தோன்றும். 'சீர்திருத்தம்' சமூகத்துக்கு உரியது. 'பழுது திருத்தல்' என்றால் ஐயமில்லை. தொல்காப்பியம் உரியியலில் 'பழுது பயமின்றே' என்கிறது. இங்கே பயம் என்றால் பயன். பயன் இல்லாமல் போவதே பழுது. தரநூல்களும் இயந்திரம் தனக்குரிய வேலையைச் செய்யும் திறனை இழப்பதைத்தான் அப்படிச் சொல்கின்றன.

ஆகவே பிரிவென்ரிவ் மெயின்ரனன்ஸ் வருமுன் பேணல், கரெக்ரிவ் மெயின்ரனன்ஸ் பழுது திருத்தல். கொப்பியின் தலைப்பை மாற்றிய அன்றே வேலைக்காரத் தம்பி கேட்டான்: "அண்ணை, ஜெனரேற்றர் பெல்ற் வெடிச்சிருக்கு, ஆனா ஓடுது. எதிலை எழுத?" பெல்ற்றில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அறவில்லை. ஓடுகிறது, சறுக்கவில்லை, மின் வருகிறது. அப்படியென்றால் இன்னும் பழுது இல்லை. வருமுன் பேணலில் எழுதச் சொன்னேன். அன்று பின்னேரமே பெல்ற் மாற்றினோம்.