கூரையில் ஒரு தண்ணீர் பாட்டில்

வெளியே வெயில் கொளுத்தும். தகரக் கூரை போட்ட அறைக்குள் நுழைந்தால் கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருக்கும். ஜன்னல் இருக்காது; இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர் அதை மறைத்து நிற்கும். பட்டப்பகலில் பல்பைப் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்க வேண்டும்.

பிரேசிலின் உபெராபா நகரத்து மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர், 2002-இல் மின்வெட்டு வாட்டிய நாட்களில் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் சுத்தமான தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, இரண்டு மூடி ப்ளீச் ஊற்றி இறுக மூடினார். கூரையில் பாட்டிலின் பருமனுக்கு ஓட்டை போட்டு, கழுத்துப் பக்கம் வெயிலில் நிற்க, மீதி அறைக்குள் தொங்கும்படி செருகினார். மழை ஒழுகாமலிருக்கச் சுற்றிலும் பசை வைத்து அடைத்தார். அவ்வளவுதான். வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. வெயிலைப் பொறுத்து 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் கிடைத்தது.

ஒரு பாட்டில் தண்ணீருக்கு இவ்வளவா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,00,000 லூமென் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) ஒளியைக் கொட்டுகிறது. பாட்டிலின் குறுக்களவு சுமார் 11 செ.மீ.; அந்த வட்டத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, பாட்டிலுக்குள் இறங்குவது ஏறக்குறைய 950 லூமென். 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 800. வழியில் கொஞ்சம் வீணானாலும் கணக்கு உதைக்கவில்லை.

சரி, அதே அளவு ஓட்டையை மட்டும் போட்டால் போதாதா? உள்ளே வரும் ஒளி அதேதானே? ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து, மேலே வட்டமாக வெட்டி, பக்கவாட்டில் எட்டிப்பார்க்கச் சின்னத் துளை போட்டு மொட்டைமாடியில் வைத்தேன். வெறும் ஓட்டையாக இருந்தபோது அடியில் ஒரே ஒரு வெள்ளை வட்டம் கண்ணைக் கூசியது. அதைச் சுற்றி மங்கல், மூலைகள் இருட்டு. பாட்டிலைச் செருகியதும் அந்த வட்டம் உடைந்து, நான்கு சுவர்களும் தெரிந்தன. மூலையில் ஒட்டியிருந்த பழைய டேப்பின் சுருக்கம்கூடத் தெரிந்தது!

காரணம் ஒளிவிலகல். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் கதிர் வளைகிறது. கீழே இறங்கும்போது பாட்டிலின் பக்கச் சுவரில் சாய்வாக உரசினால் வெளியே தப்ப முடியாது. நீரிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 49 டிகிரி. சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அதைவிடக் கூடுதலான கோணத்தில் வந்து மோதும் கதிர் அப்படியே உள்ளே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். இப்படிக் குழாயில் தண்ணீர்போல இறங்கும் ஒளி, பாட்டிலின் மேடும் பள்ளமுமான அடிப்பாகத்துக்கு வந்ததும் திசைக்கொன்றாகச் சிதறுகிறது. கீழே ஒரே இடத்தில் விழுந்து வீணாகியிருக்க வேண்டிய வெயில் அறை முழுக்கப் பங்கு போடப்படுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ப்ளீச் எதற்கு? பாசி பிடித்து நீர் பச்சையாகாமலிருக்க. நீர் இன்னொரு உதவியும் செய்கிறது: வெயிலோடு வரும் அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது.

நீங்களும் பெட்டியில் செய்து பாருங்கள், ஆனால் பார்த்து முடித்ததும் பாட்டிலை உடனே எடுத்துவிடுங்கள். நீர் நிறைந்த பாட்டில் வில்லைபோல வெயிலைக் குவிக்கவும் செய்யும்; காகிதம், அட்டையில் தீப்பிடிக்க அது போதும். கூரையில் வைப்பதாக இருந்தால் ஓட்டை போடுவதைவிட ஒழுகாமல் அடைப்பதுதான் பெரிய வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் துளைக்கவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பிலிப்பைன்ஸில் இல்லாக் டயஸ் தொடங்கிய 'ஒரு லிட்டர் ஒளி' இயக்கம் 2011 முதல் இந்தப் பாட்டில்களைக் குடிசைக் கூரைகளில் பொருத்தியது. பொழுது சாய்ந்தால் பாட்டிலும் இருண்டுவிடுமே? பிறகு அவர்களே சின்ன எல்.ஈ.டி. விளக்கு, சோலார் தகடு, பேட்டரி ஆகியவற்றைச் சேர்த்து, இரவிலும் எரியவைத்தார்கள்.