நடுவர் யாருக்குப் போன் போட்டார்?

கூடைப்பந்துச் செய்தி ஒன்றில் "கடைசி நொடியில் நடுவரின் தவறிய அழைப்பு" என்று மறுபடியும் படித்துத் தொலைத்தேன். இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நடுவர் யாருக்குப் போன் போட்டார், எதிர்முனையில் ஏன் எடுக்கவில்லை?

நடந்தது இதுதான். 2023 ஜனவரி 28, பாஸ்டன். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் லேக்கர்ஸ், செல்டிக்ஸ் அணிகள் 105–105 என்று சமநிலையில் இருக்க, கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கிப் பாய்கிறார். செல்டிக்ஸின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தது வீட்டில் டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. மூன்று நடுவர்கள் இருந்தும் ஃபவுல், அதாவது விதிமீறல், என்று விசில் ஊதவில்லை. லெப்ரான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். லேக்கர்ஸின் பேட்ரிக் பெவர்லி ஒரு புகைப்படக்காரரின் கேமராவையே வாங்கிக்கொண்டு போய் நடுவரிடம் காட்டி, அதற்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுலும் (நடத்தைக்கான தண்டனை) வாங்கிக்கொண்டார். கூடுதல் நேரத்தில் செல்டிக்ஸ் 125–121 என்று ஜெயித்தது. நடுவர் சங்கமே அப்புறம் தவறு எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் இன்னும் ஓயவில்லை. லேக்கர்ஸ்காரர்கள் "கொள்ளை" என்பார்கள், செல்டிக்ஸ்காரர்கள் "கூடுதல் நேரம் ஐந்து நிமிஷம் இருந்ததே, அதில் ஜெயித்திருக்கலாமே" என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என் சண்டை, 'அழைப்பு' என்று மொழிபெயர்க்கிறார்களே, அந்த 'கால்' (call) என்ற ஆங்கிலச் சொல்லோடு.

ஆங்கிலத்தில் அது பழைய நார்ஸ் மொழியின் 'கல்லா'விலிருந்து வந்தது, உரக்கக் கூவுதல் என்று பொருள். ஆட்டத்தில் நடுவர் கூவிச் சொல்வது 'கால்', அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுக்கே அது பெயராகிவிட்டது. பிறகுதான் தொலைபேசி வந்து அதே சொல்லை எடுத்துக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தத் தொலைபேசி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

தமிழில் 'அழை' என்றால் வரச் சொல்வது. கல்யாணத்துக்கு அழைக்கலாம், சாப்பிட அழைக்கலாம். 'பெயர் சொல்லி அழைத்தல்' என்ற வழக்கும் உண்டே, அதனால் "ஃபவுல் என்று அழைத்தார்" சரிதான் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சரி, உண்டுதான். ஆனால் அது பெயர் வைப்பது. "அவளைப் பாப்பா என்று அழைப்பார்கள்" என்பது மாதிரி. ஒருவர் கையில் அடிபட்டதை ஃபவுல் என்று 'அழைத்தார்' என்றால் அதற்குக் காது குத்தி மொட்டை போட்டதுபோல இருக்கிறது. இன்னொருவர் தூய தமிழ் ஆர்வத்தில் 'விளிப்பு' என்று வைக்கலாம் என்றார். எட்டாம் வேற்றுமை ஞாபகம் வந்திருக்கும். 'விளி' என்பதற்குச் சாவது என்றும் பொருள் உண்டு என்று சொன்னேன், பதில் வரவில்லை.

'தீர்ப்பு' என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, இருந்தாலும் முழுசாக ஏற்க முடியாது. தீர்ப்பு என்றால் தீர்ந்து போவது. இரண்டு பக்கமும் பார்த்து, இதற்கு மேல் பேச்சில்லை என்று முடிப்பது. விசில் ஊதும் அரை நொடியில் நடப்பது அது இல்லை. 2018 என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைப் பாருங்கள். 36.4 நொடி மிச்சம் இருக்கும்போது எதிரணியின் கெவின் டுராண்ட் பந்தோடு வந்து லெப்ரான் மேல் மோதுகிறார். முதலில் டுராண்ட் மேல் சார்ஜிங் ஃபவுல் (பந்தோடு வந்தவர் மேல் தப்பு) கொடுத்தார்கள், வீடியோ பார்த்துவிட்டு லெப்ரான் மேல் பிளாக்கிங் (வழிமறித்தவர் மேல் தப்பு) என்று மாற்றினார்கள். முதலில் வந்தது விசில், இரண்டாவதாக வந்ததுதான் தீர்ப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ரசிகர்கள் எதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்பதே புரியாது. அன்றைக்குப் பலருக்குக் கோபம் முதல் விசில் மேல் இல்லை, அதை மாற்றியதன் மேல்.

அப்படியானால் தமிழ் என்ன? நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, மைதானத்தில் நிற்கிற எந்தப் பையனுக்கும் தெரியும்: 'கொடு'. அம்பயர் அவுட் கொடுத்தார், ரெஃப்ரீ ஃபவுல் கொடுத்தார், கொடுக்காமல் விட்டுட்டார். யாரும் அகராதி பார்த்துச் செய்தது இல்லை. பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுவதால்தான் இந்தக் கோணல் எல்லாம். ஆங்கிலம் பெயராக வைத்திருப்பதைத் தமிழ் வினையாகச் சொல்லும் இடங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

ஒரு சோதனை வைக்கலாம். என்பிஏ 2015 மார்ச்சிலிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு ஓர் அறிக்கை வெளியிடுகிறது. நடுவர் செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் நான்கு வகையாகப் பிரிப்பார்கள். 'அழைப்பு' கட்சிக்காரர்கள் எழுதினால் "சரியான அழைப்பு, தவறான அழைப்பு, சரியான அழைப்பின்மை, தவறான அழைப்பின்மை" என்று வரும். அழைப்பின்மையாம்! சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வராத வருத்தம் மாதிரி இருக்கிறது. நான் எழுதினால்: கொடுத்தது சரி, கொடுத்தது தப்பு, கொடுக்காதது சரி, கொடுக்காதது தப்பு. பாஸ்டனில் நடந்தது நான்காவது. விசிலே ஊதாததால் பயிற்சியாளர் முறையிட்டு வீடியோ பார்க்க வைக்கவும் வழியில்லை. கொடுத்த ஃபவுலைத்தான் எதிர்க்க முடியும், கொடுக்காததை முடியாது. இந்த விதியைக்கூட 'அழைப்பு' வைத்து எழுதிப் பாருங்கள், வராது.

தலைப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டும் என்று அடம்பிடித்தால் 'நடுவர் முடிவு' போதும். ஃபவுலை 'தவறு' என்று எழுதி "நடுவர் தவறைத் தவறவிட்டது தவறு" என்று வாக்கியம் அமைக்கிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு இரத்த அழுத்தம் தாங்காது.