கியர் பாக்ஸை இறக்கும் முன் கிளட்சை ஒருமுறை மிதித்துப் பாருங்கள்

போன மாதம் காட்பாடிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய பழைய மாருதி 800-ஐ எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, கிளட்ச் மிதிச்சாலே கீச் கீச்சுன்னு கத்துது. வேற ஒரு இடத்துல காட்டினேன். கிளட்ச் செட்டே போச்சு, கியர் பாக்ஸ் இறக்கணும்னுட்டாங்க" என்றார். முகத்தில் கவலை.

நான் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. வண்டியை அணைத்து, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, மறுபடி மிதிக்கச் சொன்னேன். கீச். இன்னொரு முறை. கீச். "இன்ஜின் நிக்குது. உள்ள எந்த பேரிங் சார் சுத்துது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர் சிரித்துவிட்டார். பெடல் தொங்கும் இடத்தில் அதைத் தாங்கும் சிறு வளையமான புஷ் காய்ந்து போயிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம், சத்தம் நின்றது. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் வருகிற கீச்சொலி பெடல் புஷ், கேபிள், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கவையான ஃபோர்க் உட்காரும் இடம் இவற்றில் ஒன்றிலிருந்துதான் வரும். இவற்றில் ஃபோர்க் மட்டும்தான் கொஞ்சம் வேலை வைக்கும்.

வேலூரில் பழைய வண்டிகளோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் நான் கற்றது இதுதான்: எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் வேண்டாம், இடது கால் போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஓடவிடுங்கள். ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்குங்கள். காலைக் கிளட்சிலிருந்து முழுக்க எடுத்துவிட்டுக் காது கொடுங்கள். இப்போது கொரகொரவென்று சத்தம் வந்து, கிளட்சை முழுக்க மிதித்து ஒன்றிரண்டு நொடியில் அது அடங்கிப்போனால், கோளாறு கியர் பாக்ஸுக்குள்ளே. பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அதாவது இன்ஜின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டின் பேரிங். கால் எடுத்திருக்கும்போது இன்ஜினோடு சேர்ந்து கிளட்ச் பிளேட்டும் அந்த ஷாஃப்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்ததும் பிளேட் விடுபடும், ஷாஃப்ட் நின்றுவிடும், சத்தமும் நிற்கும். ஆனால் மெலிதான கடகட ஓசைக்கெல்லாம் பயப்பட வேண்டாம். வயதான வண்டியில் ஐடிலிங் குறைவாக இருந்தால் பல் சக்கரங்கள் லேசாகத் தட்டிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிராக, கால் எடுத்தால் அமைதி, மிதித்தால் 'கிர்ர்ர்' என்றால் அது ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் சும்மா இறங்கும். அந்த ஆட்டம் முடிந்து பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களைத் தொடுகிற கணத்தில் சத்தம் கிளம்பினால் சந்தேகமே இல்லை. இந்த ஆட்டம் பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். சுத்தமாக ஆட்டமே இல்லையென்றால் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளை முதலில் சரிசெய்யுங்கள்.

அம்பாசிடர், ஜீப் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நியூட்ரலில் மிதித்தால் அவ்வளவாக இல்லை, கியர் போட்டு மிதித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் ஊளையிடுகிறது என்றால், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் முனையில் இருந்து இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையோ புஷ்ஷையோ சந்தேகப்படுங்கள்.

கியர் மாற்றும்போது வரும் 'கர்ரக்' வேறு கதை. ஒரே ஒரு கியருக்கு மட்டும், அதிலும் இரண்டாவதுக்கு இறக்கும்போது கடித்தால், அந்த கியரின் சின்க்ரோ ரிங், அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், தேய்ந்திருக்கும். எல்லா கியருக்கும் கடித்தால் கியர் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் நீண்டிருக்கலாம், கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் கசிந்து காற்று புகுந்திருக்கலாம். ரிவர்ஸுக்கு மட்டும் கடிக்கிறது என்று வருபவர்களிடம், "மிதிச்சிட்டு மூணு எண்ணுங்க, அப்புறம் போடுங்க" என்பேன். பல பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. ரிவர்ஸில் போகும்போது வரும் 'ஊய்ங்' சத்தமும் நோயல்ல. பல் நேராக வெட்டப்பட்ட சக்கரம் அப்படித்தான் பாடும்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு டீசல் கார் வந்தது. "அண்ணே, அம்பதுக்கு மேல போனா உய்ங்னு வந்துகினே கீது" என்றார் அதை ஓட்டும் தம்பி. வண்டியை ஓட்டிப் பார்க்காமலே கியர் பாக்ஸை இறக்கினேன். உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. திரும்ப ஏற்றி பெங்களூர் ரோட்டில் போனால் அதே உய்ங். கிளட்சை மிதித்து இன்ஜின் வேகம் இறங்கிய பிறகும் சத்தம் குறையவில்லை. ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் வளைத்தேன், கூடியது. வலப்பக்கம் வளைத்தேன், குறைந்தது. இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். முன்பக்க வலது சக்கர பேரிங்தான் போயிருந்தது. அன்றைய கூலியை நான் வாங்கவில்லை, வாங்க மனசும் வரவில்லை. அன்றிலிருந்து ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியிலும் கை வைப்பதில்லை. முழுக்க வளைத்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' வந்தால் அதுவும் கியர் பாக்ஸ் அல்ல, ஆக்ஸில் ஜாயிண்ட்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் எங்களுக்கு வரும் கிளட்ச் வேலையில் பாதி ஏலகிரிப் பரிசு. 14 கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய ஆள், முன்னால் ஒரு பஸ். ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் பாதிக் கிளட்சிலேயே மேட்டில் தாங்கி நிற்பார்கள். பிளேட் கருகி நாற்றம் வரும். அப்புறம் ஆக்சிலேட்டர் மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சமவெளியிலும் கிரீன் சர்க்கிள் நெரிசலில் பெடல்மேல் காலை வைத்தபடியே ஊர்பவர்கள் அதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறார்கள். கால் வைக்க இடதுபுறம் தரை இருக்கிறது, ஐயா!

கியர் ஆயில் பக்கம் யாரும் போவதே இல்லை. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். நான் அந்த எண்ணெயை வடிக்கும்போது இரண்டு சொட்டை விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சகஜம். சில்லுச் சில்லாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. எண்ணெயில் பித்தளைப் பொடி மினுங்கினால் சின்க்ரோ ரிங் கரைகிறது. கடையில் எது கொடுத்தாலும் ஊற்றிவிடாதீர்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்று கியர் ஆயிலின் தர எண் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5-இல் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் சிலவகை பித்தளை ரிங்குகளை அரிக்கும்.

சரி, எல்லாம் பார்த்து இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பேரிங் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலி அதிகம். இறக்கியபோதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் பட்டு, வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கி, இரண்டு விரலில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நல்லது வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது உள்ளே பாலாற்று மணல் இருப்பதுபோல் நறநறக்கும்.