தன்னுரிமை வாழ்வு: ஒரு சொல் விளக்கம்

ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பணியில் அமர்த்துவதற்கான மதிப்பீட்டுப் படிவம் ஒன்றின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு அண்மையில் எனக்கு வந்தது. பெயர், வயது, கல்வி என்று தொடங்கும் அப்படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘தற்சார்பு: உண்டு / இல்லை’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. மாதிரிக்காக நிரப்பித் தந்திருந்த படியில், கணக்குப் பதிவுகளை ஒப்பிட்டுப் பிழை காண்பதில் தேர்ந்தவர் என்று குறிக்கப்பட்ட ஒருவருக்கு ‘இல்லை’ என்பது வட்டமிடப்பட்டு, அதன் கீழே ‘தற்சார்பு எய்திய பின் பணிக்குப் பரிந்துரைக்கலாம்’ என்று எழுதப்பட்டிருந்தது. வழக்கமான பேருந்து வராத நாளில் அவருக்கு ஒருவர் தொலைபேசியில் மாற்று வழியைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அந்த ‘இல்லை’க்குக் காட்டப்பட்ட காரணம். மூலப் படிவத்தில் அந்த இடத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ‘இண்டிபெண்டன்ஸ்’. அதற்குத் தற்சார்பு என்னும் பெயர்ப்பைக் கையேடுகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பல முறை கண்டும் கேட்டும் பொறுத்திருக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் ஒருவருடைய வேலையையே தள்ளிப்போடுவதை அன்றுதான் கண்ணெதிரே கண்டேன்.

சொற்பிறப்பு நீண்டதன்று. இலத்தீனில் ‘பெண்டேரே’ என்றால் தொங்குதல். ‘டே’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்தால் ஒன்றிலிருந்து தொங்குதல். ‘இன்’ அதை மறுக்கும். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலமும் இதே வேரில் பிறந்தது. அரசியலில் இச்சொல் வேறோர் அரசுக்குக் கீழ்ப்படாத நிலையைக் குறித்தது. விடுதலை பெற்ற நாடு பிற நாடுகளிடமிருந்து எதையும் வாங்காது என்று எவரும் அதற்குப் பொருள் கொண்டதில்லை; தனக்கு எது வேண்டும், எதை யாரிடம் பெறுவது என்பதைத் தானே முடிவு செய்யும் நாடு என்றே கொண்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் இயக்கம் இச்சொல்லை எடுத்தாண்டதும் இந்தப் பொருளில்தான். போலியோவால் உடலின் இயக்கத்தைப் பெரிதும் இழந்து, இரவில் இரும்பு நுரையீரல் என்னும் கருவிக்குள் படுத்து மூச்சுவிட்ட எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் அவருடைய தோழர்களும் 1972இல் அந்நகரில் தொடங்கிய மையத்தின் பெயரிலேயே ‘இண்டிபெண்டன்ட் லிவிங்’ என்னும் தொடர் இடம்பெற்றது. பிறர் உதவியின்றி உடை உடுத்த முடியாத ஒருவர் தம் இயக்கத்துக்கு இப்பெயரைச் சூட்டினார் என்றால், உதவி வேண்டாமை என்பது அச்சொல்லின் பொருளாக இருக்கவே முடியாது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு இத்தொடரைச் சட்டமொழி ஆக்கியது. அதற்கு 2017இல் வந்த ஐந்தாம் பொது விளக்கவுரை, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றல் என்று மட்டும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது என்றும், தெரிவு செய்வதும் தம் வாழ்வைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுமே இதன் பொருள் என்றும் தெளிவாகவே சொல்கிறது. மூலத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் பொருள் தமிழுக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது.

தற்சார்பு நல்ல தமிழ்ச் சொல். அதன் இலக்கணத்தில் பிழையில்லை. தன் என்பதும் சார்பு என்பதும் புணர்ந்து, னகரம் றகரமாகத் திரிந்து அமைந்த அது, தன் தேவைகளைத் தானே விளைத்து நிறைவுசெய்துகொள்ளும் பொருளியல் நிலைக்கு மிகவும் பொருந்தும். ஒரு வேளாண் பண்ணை தற்சார்பாக இருக்கலாம். மனிதர் ஒருவரை அச்சொல்லால் அளக்கத் தொடங்கும்போதுதான் தொல்லை வருகிறது. ‘தன்னையே சார்ந்திருத்தல்’ என்பது எவராலும் முழுமையாக எட்ட இயலாத நிலை. மற்றவர்களிடம் எவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. வேலை தேடி வரும் ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் அது முன்தகுதியாக வைக்கப்படுகிறது. கடிதத்தை உதவியாளரிடம் சொல்லி எழுதச் செய்யும் மேலாளரின் படிவத்தில் இப்படியொரு கட்டம் இருப்பதில்லை.

இந்தப் பெயர்ப்பில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியவர் எவரையும் நான் படித்ததில்லை. ஆட்டிசம் என்னும் சொல் ‘தான்’ என்று பொருள்படும் ‘ஆட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மனச்சிதைவு உடையவர்கள் புறவுலகிலிருந்து விலகித் தம்முள் ஒடுங்குவதைக் குறிக்க சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் அதைப் படைத்தார். 1911இல் வெளியான அவருடைய நூலில் அது விரிவாக ஆளப்பட்டது. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அது இன்றைய பொருளை நோக்கித் திரும்பியது. ‘தன்னையே சார்ந்து நிற்கிறார்’ என்பதைக் குறைபாடாகக் காட்டும் பெயரை ஒருவருக்குச் சூட்டிவிட்டு, ‘தன்னையே சார்ந்து நிற்க வேண்டும்’ என்பதை அவர் எட்டவேண்டிய இலக்காக வைப்பது என்ன முறை? ஒரே ‘தன்’ நோயின் பெயரிலும் மருந்தின் பெயரிலும் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருந்தால் கை தயங்கியிருக்கும்.

சார்பு என்னும் சொல்லையே இழிவாகப் பார்க்கும் பழக்கமும் தமிழுக்குப் புதிது. ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை’ என்பது குறள். மதலை என்பது கட்டடத்தைத் தாங்கும் தூண். தூணைச் சார்ந்து நிற்பதால் கூரைக்கு என்ன இழுக்கு? துறவைப் பேசும் இடத்தில் ‘சார்பு கெட ஒழுகின்’ என்றும் வள்ளுவர் சொல்கிறாரே என்று ஒருவர் எனக்கு மறுமொழி கூறினார். அது மெய்யுணர்தல் அதிகாரம். அங்கே விடச் சொல்லப்படுவது பற்று. உலகியலில் நிலைபெற விரும்புகிறவருக்குச் சொல்லப்பட்டது முந்தைய குறளே. வேலைக்குப் போகிறவர் உலகியலில்தான் வாழ்கிறார்.

கேனரின் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்டில் 1933இல் பிறந்த அவர் 2023இல் மறைந்தார். கல்லூரியில் பட்டம் பெற்றார். தாய்வழிக் குடும்பத்தின் தொடர்புடைய உள்ளூர் வங்கியில் 60 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். அந்த வேலை குடும்பத்தின் சார்பால் கிடைத்தது. அவர் நிலைத்து வாழ, அவரை அறிந்து ஏற்றுக்கொண்ட ஊர் துணை நின்றது. தற்சார்புக் கட்டத்தில் அவருக்கு எதை வட்டமிடுவது? தம் நாள்களைத் தாமே வகுத்துக்கொண்டு வாழ்ந்த அந்த மனிதரின் நிலையைச் சொல்ல அந்தச் சொல்லில் இடமில்லை.

தற்சார்பை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். ‘எங்களுக்குப் பின் பிள்ளை என்ன செய்வான்’ என்று கேட்கும் பெற்றோருக்கு, சமைக்கவும் துவைக்கவும் பணத்தை எண்ணவும் கற்பது பெரிய செய்தி. அதற்கும் ஒரு சொல் வேண்டும் அல்லவா என்கிறார்கள். வேண்டும்தான். ஆங்கிலம் இங்கே இரண்டு கருத்துகளை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. திறன்பட்டியலில் வரும்போது அச்சொல்லுக்கு ‘வேறொருவர் கைகொடுக்காமல்’ என்று பொருள். உரிமை ஆவணத்தில் வரும்போது ‘தன் வாழ்வைத் தானே நடத்துதல்’ என்று பொருள். முன்னதற்குத் தமிழில் ‘துணையின்றி’ என்னும் எளிய சொல் காத்திருக்கிறது: துணையின்றிப் பல் துலக்குகிறார், துணையின்றிப் பேருந்தில் செல்கிறார். இப்படி எழுதினால் அது ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே சொல்லப்படும் குறிப்பாக நிற்கும். முழு மனிதர் மீது ஒட்டப்படும் முத்திரை ஆகாது. ஆட்டிசம் உள்ளவர்களின் திறன்கள் மேடும் பள்ளமுமாக இருப்பது இயல்பு என்பதால் இந்த வேறுபாடு இங்கே உயிர்நாடியானது. ஆயிரம் வரிகளில் ஒரு பிழையை உடனே காண்பவருக்கு மதிய இடைவேளையில் உடன்பணியாளர்களோடு பேசுவது கடினமாக இருக்கலாம். வாய்மொழிக் கட்டளையைத் தவறவிடுபவர் அதையே எழுதித் தந்தால் பிசகாமல் முடிக்கலாம். ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழ் பிரித்துக்காட்டும் வாய்ப்பை, மூலச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்தான் தரவேண்டும் என்னும் வீண் விதியால் மொழிபெயர்ப்பாளர்கள் இழக்கிறார்கள்.

நம் இலக்கணத்துக்கு இந்தக் கருத்து புதிதன்று என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. தச்சன் தேர் செய்தான், அரசன் தேர் செய்தான் என்னும் இரண்டு தொடர்களிலும் எழுவாய்க்குக் கருத்தா, அதாவது வினைமுதல், என்றே பெயர். முன்னவன் தானே செய்யும் இயற்றுதற்கருத்தா, பின்னவன் பிறரைக்கொண்டு செய்விக்கும் ஏவுதற்கருத்தா. உளியைத் தொடாத அரசனும் வினைக்கு உரியவனே, ஏனெனில் தேர் வேண்டும் என்ற முடிவு அவனுடையது. தனக்கு எந்த வேலை வேண்டும், எங்கே யாருடன் வாழ வேண்டும் என்பதை முடிவு செய்து, அதை நிறைவேற்றப் பிறர் துணையைப் பெறுகிறவரும் தம் வாழ்வின் கருத்தாவே. இதைப் பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்த எவருக்கும் விளக்கிவிடலாம்.

போட்டிச் சொற்களில் ‘தனித்து வாழ்தல்’ வெறும் பிழை. அது தனிமையைக் குறிக்கிறது, உடன்படிக்கையின் 19ஆம் உறுப்போ சமூகத்தோடு இணைந்திருத்தலையும் அதே மூச்சில் சொல்கிறது. ‘சார்பின்மை’ இன்று நடுநிலைமைக்கு வழங்குகிறது. ‘தன்னாட்சி’ கல்லூரிகளுக்கும் மாநிலங்களுக்கும் போய்விட்டது. ‘சுதந்திரம்’ வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. வினைமுதலை வரையறுக்கும், வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் நூற்பாவே ‘ஸ்வதந்த்ரஃ கர்த்தா’ (தன்வயமாக இயங்குபவரே வினைமுதல்) என்பதுதான். பழைய தமிழ் விவிலியத்தில் சுதந்தரம் என்றால் ஒருவருக்கு உரிமையாக வரும் சொத்து. ஆனால் இன்றைய வழக்கில் ‘சுதந்திரமாக விடுதல்’ என்பது கட்டவிழ்த்து விடுதல் என்னும் சாயலைப் பெற்றுவிட்டது. ‘இவனைச் சுதந்திரமாக விட முடியுமா’ என்று ஒரு தாய் அஞ்சிக் கேட்கும்போது, அவர் மனத்தில் எழும் காட்சி பாதுகாப்பின்மைதான்.

ஆகவே நான் முன்வைப்பது ‘தன்னுரிமை’. வாழ்வைச் சேர்த்துச் சொல்லும்போது ‘தன்னுரிமை வாழ்வு’. உரிய, உரியவர், உரிமை என்னும் சொற்கள் ஒரே குடும்பம். இந்த வாழ்வு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு, வாழ்கிறவருக்கே என்று விடை சொல்கிறது தன்னுரிமை. அது துணையை மறுப்பதில்லை; ‘துணையுடன் கூடிய தன்னுரிமை வாழ்வு’ என்று எழுதினால் முரண் தோன்றாது. ‘துணையுடன் கூடிய தற்சார்பு’ என்று எழுதிப் பாருங்கள், தொடர் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். அரசியல் எழுத்தில் தன்னுரிமை வேறு பொருளில் வழங்குகிறதே என்பார்கள். அங்கும் அது தம் வாழ்வைத் தாமே முடிவு செய்தல் என்னும் கருத்தையே தொட்டு நிற்கிறது. அந்த நெருக்கத்தை நான் வரவேற்கிறேன்.

இதே கோளாறு பக்கத்துச் சொற்களையும் பிடித்திருக்கிறது. ‘சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட்’ என்னும் முறை 1980களில் அமெரிக்காவில் வளர்ந்து 1986ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்றது. முதலில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி, பிறகு வேலை என்றிருந்த வரிசையை அது மாற்றி, முதலில் உண்மையான ஊதியமுள்ள வேலை, அந்த இடத்திலேயே பயிற்சி என்று ஆக்கியது. இதை ‘ஆதரவு வேலைவாய்ப்பு’ என்று எழுதுகிறார்கள். ஆதரவற்றோர் என்னும் வழக்கு வேரூன்றிய மொழியில் இது இரக்கத்தால் தரப்படும் வேலை என்றே ஒலிக்கிறது. ‘துணையுடன் பணி’ என்றால் போதும். வேலையிடத்துக்கே வந்து, பணியைப் படிகளாகப் பிரித்துக் காட்டி, மேலாளரிடம் இரைச்சலையும் விளக்கொளியையும் பற்றிப் பேசி, தேவை குறையக் குறைய விலகிக்கொள்கிறவரை ‘வேலைப் பயிற்சியாளர்’ என்கிறார்கள். படிப்பவருக்கு வகுப்பறையும் கரும்பலகையும் நினைவுக்கு வருகின்றன. வேலைக்கு முன் பயிற்சி என்ற பழைய வரிசை சொல்லின் வழியே திரும்ப நுழைகிறது. ‘பணித்துணைவர்’ என்று நான் எழுதி வருகிறேன். புதுச் சொல் ஆக்குகிறவர்கள் மூலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பார்த்த அளவுக்கு, அச்சொல் நாளைக்கு எந்தப் படிவத்தில் எவருடைய பெயருக்கு எதிரே வந்து நிற்கும் என்பதைப் பார்ப்பதில்லை.

அந்தப் படிவத்தை நான் திருப்பி அனுப்பியபோது, ‘தற்சார்பு’க் கட்டத்தை நீக்கி அந்த இடத்தில் இரண்டு பகுதிகளை எழுதினேன். முதற்பகுதியில் செயல்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘துணையின்றி’, ‘துணையுடன்’ என்பனவும், துணை எத்தகையது என்று எழுத ஒரு வரியும் உள்ளன. இரண்டாம் பகுதியின் தலைப்பு ‘தன்னுரிமை’. அதன் முதல் வினா, ‘இந்த வேலையை நீங்களே தெரிவு செய்தீர்களா?’