தூர்க்கப்படாத வாய்க்கால்

சித்தப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்யும்போது உள்ளே சின்னதாக ஒரு கர்ப்பப்பை இருந்ததாம். "குலதெய்வக் குத்தம்னு ஊர்ல பேசிக்கிறாங்க, நிஜமா சார்?" என்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

கர்ப்பப்பை இருந்தது நிஜமாக இருக்கலாம். குத்தம் பொய். கருவிலேயே மறைய வேண்டிய முல்லேரியன் குழாய் மறையாமல் தங்கிவிடும் மிக அரிதான இந்தக் குறைபாட்டை மருத்துவர்கள் பி.எம்.டி.எஸ். என்பார்கள். மற்றபடி சித்தப்பா எக்ஸ்-ஒய் குரோமோசோம் உள்ள ஆண்தான். மீசை, குரல் எதிலும் குறையிருக்காது. விரை மட்டும் பையில் இறங்காமல் போயிருக்கலாம்.

கருவில் எல்லோருக்குமே இரண்டு ஜோடிக் குழாய்கள் உண்டு. உல்ஃபியன் குழாய் ஆணுக்கு விந்துக்குழாயாகும். முல்லேரியன் குழாய் பெண்ணுக்குக் கருப்பையாகும். நம்மூர்க் கணக்கில், ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால். ஆண் கருவில் ஒன்றைத் தூர்வார வேண்டும், மற்றதைத் தூர்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் வேலையா?

1940-களில் பிரான்சில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்தார். தாய் முயலின் வயிற்றுக்குள்ளேயே, விரலளவுகூட இல்லாத ஆண் குட்டியின் விரையை எடுத்துவிட்டார்! குட்டிக்குக் கருப்பை வளர்ந்தது. அடுத்து, விரை இருந்த இடத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் படிகம் ஒன்றை வைத்தார். விந்துக்குழாய் வந்தது, கருப்பையும் போகவில்லை. அதாவது டெஸ்டோஸ்டிரோனுக்குத் தூர்வாரத்தான் தெரியும். தூர்ப்பதற்கு விரையிலிருந்து வேறொரு பொருள் வர வேண்டும். ஒரு சின்னப் படிகத்தை வைத்து, கண்ணில் படாத இன்னொரு ஹார்மோனைக் கண்டுகொண்ட அழகை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அதுதான் ஏ.எம்.எச்., அதாவது முல்லேரியன் குழாயைத் தூர்க்கும் ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன். எட்டாவது வாரத்தையொட்டி வேலையை முடித்தாக வேண்டும். பிந்தினால் குழாய் அதன் சொல்லைக் கேட்காது. இந்த ஹார்மோனுக்கான மரபணு 19-ஆம் குரோமோசோமிலும், அதை வாங்கும் ஏற்பிக்கான மரபணு 12-இலும் உள்ளன. பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒரு மரபணுவின் அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியும் பழுதானால்தான் சிக்கல். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊரில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

கும்பகோணத்துக் கருத்தரிப்பு மையத்தில் பெண்களுக்கு எழுதிக்கொடுக்கும் ஏ.எம்.எச். டெஸ்ட்டும் இதே ஹார்மோனுக்குத்தான். பிற்பாடு சினைப்பையும் இதைச் சுரக்கும். முயல் குட்டி ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் அதிகாரிகள் கவனிக்க.

தம்பி, கர்ப்பப்பையை உடனே அறுத்துப்போட அவசரப்பட வேண்டாம். விந்துக்குழாய் அதன் சுவரோடு ஒட்டியே ஓடும், அறுக்கும்போது அதுவும் சேதமாகலாம். இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பரிகாரத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் சித்தப்பாவின் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.