அஃபர்மிங் சர்ச்: வரவேற்பு வேறு, ஏற்பு வேறு

அமெரிக்க, கனடா திருச்சபைகளைப் பற்றிப் படிக்கும்போது 'அஃபர்மிங் சர்ச்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். தன்பாலீர்ப்பாளர்களிடம் அன்பாக நடந்துகொள்ளும் சபை போல என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அங்கே 'வெல்கமிங் சர்ச்' என்று இன்னொரு சொல்லும் புழங்குகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் அங்கே அரை நூற்றாண்டாக எதற்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதே புரியாது.

வெல்கமிங் என்றால் வரலாம், உட்காரலாம், பாடலாம், ஆராதனை முடிந்து காபி குடித்துவிட்டும் போகலாம். ஞாயிறுபள்ளியில் பாடம் எடுக்கலாமா, போதகராக அபிஷேகம் பெறலாமா, கூட வாழ்கிறவரை இதே பீடத்தின் முன்னால் மணக்கலாமா என்று கேட்டால்தான் பதில் மாறும். அஃபர்மிங் சபையில் இவை எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்பதுதான் பதில், ஏனென்றால் அந்த ஈர்ப்பைப் பாவமாகவோ திருத்த வேண்டிய குறையாகவோ அந்தச் சபை பார்ப்பதில்லை. 'வெல்கமிங், ஆனால் அஃபர்மிங் இல்லை' என்று தங்களைத் தாங்களே வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் சபைகளும் உண்டு. அந்த நேர்மையையாவது பாராட்டலாம். பத்து வருடம் வந்துபோன பிறகு தெரிந்துகொள்வதைவிட வாசலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'ஃபிர்முஸ்' என்றால் திடமானது. அதிலிருந்து 'அஃபிர்மாரே', திடப்படுத்துவது. நம் சபைகளில் பிள்ளைகளுக்கு நடக்கும் 'கன்ஃபர்மேஷனும்' இதே வேரில் வந்ததுதான், சி.எஸ்.ஐ.யில் அதைத் திடப்படுத்தல் என்கிறோம், கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்கிறார்கள். அமைச்சர்கள் பதவியேற்கும்போது கடவுள் பெயரைச் சொல்லாமல் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்கிறார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் அஃபர்ம்தான்.

சபைக்கு அடைமொழியாக இந்தச் சொல் நிலைபெறக் காரணமான ஒரு தீர்மானம் 1985இல் வந்தது. யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற அமெரிக்கத் திருச்சபையின் பேரவை அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் கூடி, 'ஓபன் அண்ட் அஃபர்மிங்' என்று தங்களை அறிவித்துக்கொள்ளும்படி தன் சபைகளைக் கேட்டுக்கொண்டது. அதே திருச்சபைதான் 1972இல், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன வில்லியம் ஜான்சனைப் போதகராக அபிஷேகம் செய்தது. அதற்கும் முன்பே, 1968 அக்டோபரில், பெந்தெகொஸ்தே சபையில் போதகராக இருந்து வெளியேற்றப்பட்ட டிராய் பெர்ரி லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் தன் வீட்டிலேயே 12 பேரோடு ஓர் ஆராதனை நடத்தினார். அது மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் ஆனது. அஃபர்மிங் என்ற பெயர்ப்பலகை அப்போது கிடையாது, காரியம் மட்டும் நடந்தது.

எல்லோரும் இதே சொல்லை எடுத்துக்கொள்ளவும் இல்லை. பிரஸ்பிட்டேரியன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் 'மோர் லைட்' என்றார்கள், அதாவது வேதத்திலிருந்து இன்னும் வெளிச்சம் வரவேண்டியிருக்கிறது என்று. இன்னொரு பிரிவினரான மெதடிஸ்டுகள் 'ரீகன்சைலிங்' என்றார்கள். நம் வேதாகமத்தில் ஒப்புரவாகுதல், அதாவது பகை தீர்ந்து சேர்வது. எனக்கு இந்தச் சொல்லில் கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஒப்புரவு என்றதுமே இரண்டு பக்கமும் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. அந்த மெதடிஸ்டுகளின் சட்டநூலில் 1972இல் நுழைந்த பத்தியைப் படித்தால் வரவேற்புக்கும் ஏற்புக்கும் உள்ள இடைவெளி அப்படியே தெரியும். தன்பாலீர்ப்பாளர்களும் புனித மதிப்புள்ள மனிதர்கள் என்று அதே பத்தி சொன்னது, தன்பாலீர்ப்பு வழக்கம் கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்றும் சொன்னது. 'ஒவ்வாதது' என்ற அந்த வாசகம் 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய பொதுப் பேரவையில்தான் நீங்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான சபைகள் இந்தத் தகராறில் பிரிந்து போய்விட்டன.

இனி தமிழுக்கு வருவோம். அகராதியைப் பார்த்து 'உறுதிப்படுத்தும் சபை' என்று போட்டால் ரயில் டிக்கெட் உறுதியான மாதிரி இருக்கிறது. 'அங்கீகரிக்கும் சபை' பரவாயில்லை, ஆனால் அங்கீகாரம் என்பது பள்ளிக்கூடத்துக்கு அரசு கொடுக்கும் சமாச்சாரம், மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. 'ஆமோதிக்கும்' என்றால் கமிட்டிக் கூட்டம்தான் ஞாபகம் வரும். 'திடப்படுத்தும்' வேருக்கு மிக நெருக்கம், ஆனால் சபைக்காரர் காதில் அது பிஷப் கை வைக்கும் சடங்காகத்தான் விழும்.

நான் 'ஏற்பு' என்ற சொல்லைத்தான் எடுப்பேன். 'கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல, நீங்களும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்கிறது ரோமர் 15:7. ஒரு அதிகாரம் முன்னால், 14:1இல், பலவீனமுள்ளவனைச் 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று வருகிற இடத்திலும் கிரேக்கத்தில் இதே வினைதான். தமிழ் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

அப்புறம் 'வரவேற்பு' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள்: வரவு, ஏற்பு. வந்ததை ஏற்பது. வெல்கமிங் சபை செய்வது மிகச் சரியாக அதுதான், வரவை ஏற்கிறது. ஆளை ஏற்பதற்கு வெறும் 'ஏற்பு' போதும். ஆகவே வெல்கமிங் சர்ச் வரவேற்புச் சபை, அஃபர்மிங் சர்ச் ஏற்புச் சபை. 'முழு ஏற்புச் சபை' என்று அழுத்தியும் சொல்லலாம்.

எதிர்ப்பதம் மட்டும் கொஞ்சம் சிக்கல். 'ஏற்காத சபை' என்றால் வாசலிலேயே விரட்டுகிறவர்கள் என்று அர்த்தமாகிவிடும், அது எல்லோருக்கும் பொருந்தாது. அவர்கள் தங்களைப் பாரம்பரிய நிலைப்பாடு உள்ளவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மொழிபெயர்க்கும்போது 'வரவேற்கும், ஆனால் ஏற்பு இல்லாத சபை' என்று நீட்டி எழுதிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.